சிவப்பு முப்பத்தொன்று

அத்தியாயம் 14

ரோண்டாவுக்குப் பொய் சொல்ல வராது. ஓஸ்டர்ஃபெல்ட் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சர்ச் விருந்தில் யாராவது கொண்டுவந்த கேக் வாயில் வைக்க முடியாமல் இருந்தாலும், "நல்லா இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கழுத்து சிவந்துவிடும். அப்பேர்ப்பட்டவள் ஐந்து வாரமாகப் பெற்ற தகப்பனிடம் சனிக்கிழமை தவறாமல் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைச் சென்ற வாரக் கடைசியில்தான் நமக்கே காட்டினாள், கள்ளி.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைன்ட்ஸ் குடும்பத்துக்கு ஆறு எண்கள் உண்டு. 1992-ல் பவர்பால் லாட்டரி ஆட்டம் வந்த புதிதில், லவோன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கட்டம் போட்ட சீட்டில் நீலப் பேனாவால் குறித்தது. நான்கு, புருஷன் ஹார்லன் பிறந்த தேதி. பத்தொன்பது அவளுடையது. பன்னிரண்டு கல்யாண நாள். இருபத்து மூன்று மூத்தவள் ரோண்டா. முப்பத்தாறு, பண்ணை வீட்டுக்குப் போகிற சாலையின் எண். இந்த ஐந்தும், புதன் சனி ராத்திரிகளில் டி.வி.யில் உருளுகிற வெள்ளைப் பந்துகள். ஆறாவது, தனிப் பெட்டியிலிருந்து உருண்டு வருகிற ஒற்றைச் சிவப்புப் பந்து. அதற்கு முப்பத்தொன்று என்று குறித்தாள். அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி பிறந்த கடைக்குட்டி கர்ட்.

அந்தக் கர்ட், பதினோரு வருஷத்துக்கு முன்னால், "பன்னிப் பண்ணை எனக்கு வேண்டாம்பா" என்று சர்ச் காபி நேரத்தில் பத்துப் பேர் முன்னிலையில் சொல்லிவிட்டு மேற்குக் கோடியில் இருக்கிற ஓரிகனுக்குப் போனான். லாரி ஓட்டுகிறான். அப்பா பிள்ளை பேச்சு அன்றோடு நின்றது. ஆனால் சிவப்பில் முப்பத்தொன்று விழும்போதெல்லாம் லவோன் ஓரிகனுக்குப் போன் போட்டுவிடுவாள்.

"உன் பந்து வந்துருச்சுடா!"

சிவப்பு மட்டும் பொருந்தினால் பரிசு நாலு டாலர். நாலு டாலருக்கா அவள் போன் போட்டாள்? வருஷத்துக்கு மூன்று தடவையாவது அந்தப் பந்து விழும், மூன்று தடவையாவது பிள்ளை குரலைக் கேட்கலாம். ஹார்லன் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

மார்ச் மாதம் லவோன் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்குக் கர்ட் வந்தான். "ரோடெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று அப்பா கேட்டார். "பரவால்ல" என்றான் பிள்ளை. அவ்வளவுதான். அன்று சாயங்காலம் மிஞ்சிப்போன ஹாம் சாண்ட்விச்சுகளை மூடி வைத்துக்கொண்டிருந்த ரோண்டாவிடம் ஹார்லன் சொன்னார்: "இனிமே அவன் பந்து வந்தா நான் கூப்பிடுறேன்."

ஜூனில் ஒரு தடவை வந்தது. நம்பரைச் சுழற்றினார். அந்தப் பக்கம் இரண்டு தடவை மணி அடித்தது. வைத்துவிட்டார். "அடுத்த தடவை கண்டிப்பா" என்றார்.

அடுத்த தடவை வருவதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. ஆட்டத்தை மாற்றினார்கள். வெள்ளைப் பந்துகள் ஐம்பத்தொன்பது இருந்தது அறுபத்தொன்பது ஆயிற்று. சிவப்பு முப்பத்தைந்து இருந்தது இருபத்தாறாகக் குறைந்தது. ஆக, சிவப்பு முப்பத்தொன்று என்று ஒரு பந்து இப்போது பெட்டியிலேயே இல்லை. இருந்தால்தானே விழும்? விழுந்தால்தானே கிழவர் பிள்ளையைக் கூப்பிடுவார்?

இது ரோண்டாவுக்குத் தெரியும், ஏனென்றால் ஊர்க்கோடி பெட்ரோல் பங்க் கடையில் டிக்கெட் மெஷினுக்குப் பின்னால் நிற்பவளே அவள்தான். அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவர் கொடுக்கிற பழைய சீட்டை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, புதுச் சீட்டில் ஐந்து எண்ணை அப்படியே போட்டு, சிவப்புக்கு மட்டும் பதிமூன்று என்று குறித்து டிக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிடுவாள். முப்பத்தொன்றைத் திருப்பிப் போட்டால் பதிமூன்று. வேறு ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

இன்று நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. வயலெல்லாம் அறுத்து மொட்டையாகக் கிடந்தது. பத்து மணி ஷிஃப்டுக்கு ரோண்டா வந்து ஏப்ரனை மாட்டிக்கொண்டிருந்தபோது, காலை ஷிஃப்டுப் பெண் டெஸா கிளம்பத் தயாராக நின்றாள். இருபத்து நாலு வயசு. செப்டம்பரில்தான் பக்கத்து மாநிலமான இல்லினாயிலிருந்து வந்தாள். வாய் ஓயாது.

"அக்கா, இன்னிக்கு ஒரு கூத்து கேளுங்க."

"சொல்லு."

"ஆறரை மணி இருக்கும். ஒருத்தர் வந்தார். விதைக் கம்பெனித் தொப்பி, பழுப்புக் கோட்டு. பர்ஸ்லேர்ந்து ஒரு கட்டச் சீட்டை எடுத்துக் குடுத்தார். எந்தக் காலத்துச் சீட்டோ, மடிச்ச இடமெல்லாம் நைஞ்சு போயிருக்கு. மெஷின்ல விட்டா துப்புது. மறுபடி விட்டேன், மறுபடி துப்புது. அப்புறந்தான் பார்க்கிறேன், சிவப்புல முப்பத்தொண்ணு!"

ஏப்ரன் முடிச்சில் ரோண்டாவின் விரல்கள் நின்றன.

"நீ என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன். 'ஐயா, அந்தப் பந்தை அக்டோபர்லயே எடுத்துட்டாங்க. சிவப்பு இருபத்தாறோட சரி. வேற ஏதாவது போட்டுக்கோங்க'ன்னேன்."

"அவர்?"

"'எடுத்துட்டாங்களா'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் காபி ஊத்திக்கிட்டு அந்த ஜன்னல்கிட்ட போய் நின்னார். அரை மணி நேரம். ஒரு வாய் குடிக்கலக்கா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் கிளம்பி மேற்கால போயிட்டார்."

மேற்கேதான் பண்ணை வீடு.

"வயசானவரா?"

"எனக்கு இந்த ஊர்ல எல்லாருமே வயசானவங்களாத்தான் தெரியுது" என்று டெஸா சிரித்தாள். "ஏன், தெரிஞ்சவரா? சீட்டைக்கூட விட்டுட்டுப் போயிட்டார். குப்பையில போட மனசு வரல. இந்தாங்க."

கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான்காக மடித்த சீட்டு. ரோண்டா பாதி பிரித்தாள். நீலப் பேனா. நான்கு, பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்து மூன்று, முப்பத்தாறு. சிவப்பில் முப்பத்தொன்று. அதற்கு மேல் பிரிக்கவில்லை. ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வழக்கமாக மூன்று மணிக்கு வருகிறவர் ஆறரைக்கு ஏன் வந்தார்? தான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார். தன் மேல் சந்தேகம் வந்து சோதித்துப் பார்த்திருக்கிறார்.

டெஸா போனதும் வீட்டுக்குப் போன் செய்தாள். எட்டு தடவை அடித்தது, பத்து தடவை அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

*

பதினோரு மணிக்கு ஓர்வில் வந்தார். தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் இருபத்திரண்டு பேருக்குச் சேர்த்து டிக்கெட் வாங்குகிறவர். வாரா வாரம் அதே கூத்து, அதே புலம்பல். பெயர்ப் பட்டியலைக் கவுண்டரில் விரித்து வைத்து, காலையில் சுட்டு விற்ற பீட்சாவில் மிஞ்சின கடைசித் துண்டையும் எடுத்துக்கொண்டார்.

"என்னம்மா ரோண்டா, மூஞ்சி ஏன் அப்படி இருக்கு? ஜெயிச்சுட்டியா?"

"ஆமா, ஜெயிச்சுட்டு இங்க வந்து உங்களுக்குப் பீட்சா வித்துட்டு இருக்கேன்."

"அப்படித்தான் இருக்கணும். ஜெயிச்சவன் வெளியே சொல்லவே கூடாது." ஓர்வில் மென்றுகொண்டே பேசினார். "ஆனா இனிமே யாரு ஜெயிக்கிறது? வெள்ளையில பத்தைக் கூட்டிட்டான், சிவப்புல ஒன்பதைக் கழிச்சுட்டான். முன்னாடி பதினேழரைக் கோடியில ஒருத்தனுக்கு. இப்போ இருபத்தொன்பது கோடியில ஒருத்தனுக்கு. ஏன் தெரியுமா?"

"ஏன்?" என்றாள் ரோண்டா. காது இங்கே இல்லை. கண் வாசலில் இருந்தது.

"யாருக்கும் விழக் கூடாது. விழலன்னா பணம் அடுத்த ஆட்டத்துக்குப் போவும். குவிஞ்சிட்டே போவும். குவியக் குவியக் கூட்டம் வரும். சின்னப் பரிசு மட்டும் முன்னைவிட சுலபமாம், நாலு டாலர் நாலு டாலரா குடுத்து நம்மளைப் பிடிச்சு வெச்சிருக்கான். நாப்பத்து நாலு மாநிலத்துக்காரனும் ஒரே பெட்டியை வெறிச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம். மொதல்ல பதினஞ்சு மாநிலந்தான். பந்து உருட்டினதும் எங்க? நம்ம டி மாயின் பக்கத்துல. இங்கேர்ந்து எண்பது மைல். உங்கம்மா 'போய்ப் பார்க்கலாம், போய்ப் பார்க்கலாம்'னு உங்கப்பனை எத்தனை வருஷம் அரிச்சா! கடைசியில ஃப்ளோரிடாவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்."

"அப்பாவைப் பார்த்தீங்களா இன்னிக்கு?"

"அவன் எங்க வெளியில வரான்? காபிக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. நாங்க அவன் நாற்காலியைக் காலியாவே வெச்சிருக்கோம், வீம்புக்கு. புதன்கிழமை ராத்திரி போன் போட்டேன். 'பந்து விழுற நேரம், அப்புறம் பேசு'ன்னு வெச்சுட்டான்." ஓர்வில் கையைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்குப் பந்தா முக்கியம்? லவோன் இல்லாத வீட்டுல ஏதாவது ஒண்ணு பேசிட்டு இருக்கணும். அதான்."

இருபத்திரண்டு டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். ரோண்டா மறுபடி போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை.

மதியம் கடை காற்றாடியது. அவள் சாப்பிடவில்லை. சிகரெட் அலமாரியைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

அப்பா இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்? இனிமேல் அந்தப் பந்து வரவே வராது என்று தெரிந்த பிறகு, புதன்கிழமையும் சனிக்கிழமையும் அந்த வீட்டில் அவர் எதற்கு உட்கார்ந்திருப்பார்? கர்ட்டைக் கூப்பிட அவருக்கு இருந்தது ஒரே ஒரு சாக்கு. அதை ஒரு மெஷின் துப்பிவிட்டது. அதுவும் தன் கடை மெஷின்.

இன்னொன்றும் உண்டு. அதை ரோண்டா யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட மெல்லத்தான் சொன்னாள். இருபத்து மூன்று, வெள்ளையில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது. கல்யாணம் முறிந்து அவள் மட்டும் தனியாக, தபாலாபீஸுக்கு மேலே இருக்கிற இரண்டு அறை வீட்டுக்கு வந்த வருஷம், ஒரே மாதத்தில் மூன்று தடவை விழுந்தது. டி.வி.யில் அவளே பார்த்தாள். பார்த்துவிட்டுப் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உன் பந்து வந்துருச்சுடி" என்று யாரும் கூப்பிடவில்லை. ஐந்து மைல் தூரத்தில் இருக்கிறவளை யார் கூப்பிடுவார்கள்? இந்த வயசுக்கு இது ஒரு குறையா என்று தன்னையே திட்டிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

*

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. ஹார்லன் இறங்கினார். எழுபத்தெட்டு வயசு. விதைக் கம்பெனித் தொப்பி. பழுப்புக் கோட்டு. சனிக்கிழமை தோறும் எப்படி வருவாரோ அப்படியே வந்தார். கதவைத் திறந்து, காலைப் பாயில் மூன்று தடவை தேய்த்து, "குளிர் ஏறுது" என்றார்.

"ஆமாப்பா."

"வழக்கம் போல."

சட்டைப் பையில் கையை விட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட கட்டச் சீட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

ரோண்டா சீட்டைப் பார்த்தாள். ஏப்ரன் பையைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயும் ஒரு சீட்டு இருந்தது.

"அப்பா, நீங்க காலைல இங்க வந்தீங்களா?"

"காலைல எதுக்கு வரேன்? தண்ணிக் குழாய் உறையுறதுக்கு முன்னாடி சாக்கைச் சுத்திட்டுக் கிடந்தேன், மத்தியானம் வரைக்கும் கிணத்தடியிலதான் வேலை. ஏன்?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் காலையிலிருந்து தொண்டைக்குள் நின்ற விஷயம் தானாகவே வெளியே வந்துவிட்டது.

"அப்பா, சிவப்புல முப்பத்தொண்ணு இப்போ இல்ல. எடுத்துட்டாங்க. அக்டோபர்லயே."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அஞ்சு வாரமா டிக்கெட்ல பதிமூணுன்னு அச்சாகி வருது. உங்கம்மாவோட பூதக்கண்ணாடி வீட்டுலதானே இருக்கு? பேப்பர்லயும் போட்டிருந்தான், வெள்ளை இத்தனை, சிவப்பு இத்தனைன்னு. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ மெனக்கெட்டு மறைக்கிறியேன்னு விட்டுட்டேன்."

"பொய் சொல்லாதீங்கப்பா. எனக்கும் வராது, உங்களுக்கும் வராது."

ஹார்லன் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி போட்டுக்கொண்டார்.

"வராத பந்துக்குக் காத்துட்டு இருந்தா கூப்பிட வேண்டாம்ல" என்றார். "ஜூன்ல கூப்பிட்டேன். ரெண்டு தடவை மணி அடிச்சதுமே வெச்சுட்டேன். அவன் எடுத்து, 'என்ன வேணும்'னு கேட்டான்னு வெய்யி. என்கிட்ட என்ன இருக்கு சொல்றதுக்கு? உங்கம்மாவுக்குப் பேச்சு வரும். எனக்கு ரோடு எப்படி இருக்குன்னுதான் கேக்க வரும். அக்டோபர்ல அந்தப் பந்தை எடுத்தான்னு தெரிஞ்சப்போ, சத்தியமா சொல்றேன் ரோண்டா, அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. ரெண்டு நாள். அதுக்கப்புறம் வீடு இன்னும் சத்தமில்லாம போயிடுச்சு."

ரோண்டாவுக்குக் கோபம் வந்தது. ஐந்து வாரம் தூங்காமல் கிடந்த கோபம், அதற்கு முந்தின வருஷங்களையும் இழுத்துக்கொண்டு வந்தது.

"நான் இங்க உங்களுக்காகப் பயந்து செத்துட்டு இருக்கேன். நீங்க அங்க தெரிஞ்சும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. அவன் பந்து, அவன் பந்து! என் பந்து எத்தனை தடவை வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யாராவது என்னைக் கூப்பிட்டீங்களா?"

"நீதான் இங்கயே இருக்கியே."

"இருந்தா கூப்பிடக் கூடாதா?"

ஹார்லன் தன் சீட்டைக் கவுண்டர் விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தார்.

"கூப்பிட்டிருக்கணும்" என்றார் மெதுவாக. "தப்புதான்."

பதினோரு வருஷத்தில், ஏன், ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை ரோண்டா கேட்டதில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஏப்ரன் பையிலிருந்த சீட்டை எடுத்து மற்றதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காலைல ஒருத்தர் இதைக் குடுத்துட்டுப் போயிருக்கார். நீங்கன்னு நினைச்சேன்."

ஹார்லன் குனிந்து பார்த்தார். அதே ஆறு எண்கள். அதே நீலப் பேனா. கட்டத்துக்குள் அடங்காமல் இழுத்துவிடுகிற அதே கோடு. சீட்டை முழுக்கப் பிரித்து, பின்பக்கம் திருப்பினார். பென்சிலில் இரண்டு வரி இருந்தது. படிக்க அவருக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

'கர்ட்டுக்கு. நம்ம நம்பர் உன்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும். அம்மா.'

"எத்தனை மணிக்கு வந்தான்?" என்றார் ஹார்லன்.

"ஆறரைக்கு. டெஸா 'அந்தப் பந்து இல்ல'ன்னு சொல்லியிருக்கா. அந்த ஜன்னல்கிட்ட அரை மணி நேரம் நின்னானாம். அப்புறம் மேற்கால போயிட்டானாம்."

"மேற்காலன்னா வீட்டுக்கு வந்திருக்கணுமே. நான் கிணத்தடியிலதானே இருந்தேன். எந்த வண்டியும் நம்ம வீட்டுப் பக்கம் திரும்பலையே."

"தாண்டிப் போயிட்டான்பா."

ஹார்லன் ஜன்னலைப் பார்த்தார். ஏழு மணிக்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் ஓரிகன் போகிற வழியில் நெப்ராஸ்காவில் பாதியைக் கடந்திருப்பான். அவன் எதற்கு வந்தான் என்று அவர் கேட்கவில்லை. ஒரு டிக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் வீட்டு வாசலில் வந்து நிற்க ஒரு சாக்கு கிடைக்கும் என்று நினைத்திருப்பான். அது அவருக்கு யாரும் சொல்லித்தராமலே புரிந்தது. தகப்பனுக்கும் பிள்ளைக்கும் அந்த ஒரு விஷயத்தில் அச்சு ஒன்று.

"போடு" என்றார்.

"என்னது?"

"உன் போன்ல அவன் நம்பர் இருக்கும்ல? போடு."

ரோண்டா போட்டுக் கொடுத்தாள். ஹார்லன் செல்போனைக் காதில் வைக்கத் தெரியாமல் தலைகீழாக வைத்தார். அவள் திருப்பி வைத்தாள். மணி அடித்தது. ஒன்று, இரண்டு. இந்தத் தடவை அவர் வைக்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. பிறகு ஒரு 'பீப்'.

"எடுக்கல. செய்தி சொல்லச் சொல்லுது" என்றார் பயந்துபோய்.

"சொல்லுங்க."

கடையில் பால் வாங்க வந்த ஒரு பெண்மணி, என்ன நடக்கிறது என்று தெரியாமல் பால் கேனோடு அப்படியே நின்றாள்.

"கர்ட். அப்பா பேசுறேன்." கவுண்டரில் கிடந்த இரண்டு சீட்டையும் பார்த்தார். "உன் பந்து வந்துருச்சு."

அவ்வளவுதான். போனை ரோண்டாவிடம் நீட்டினார். முகம் வெளுத்திருந்தது.

*

அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஜன்னல் ஓரத்து மேஜையில் உட்கார்ந்தார். ரோண்டா காபி ஊற்றி வைத்தாள். அவரும் குடிக்கவில்லை. போன் மேஜை நடுவில் கிடந்தது.

வண்டிகள் வந்தன, போயின. யாரோ சுரண்டிப் பார்க்கிற லாட்டரி டிக்கெட் நாலு வாங்கினார்கள். மான் வேட்டை உடுப்பில் இரண்டு பேர் வந்து உறைபனியைப் பற்றிப் பேசினார்கள். இன்றைய பெரிய பரிசு எத்தனை கோடி என்று வாசல் பலகையில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதை வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், ஹார்லன் மட்டும் பார்க்கவில்லை.

நாலு மணி. நாலே கால்.

"வண்டி ஓட்டுறப்போ எடுக்க மாட்டான்" என்றார் ஹார்லன். "நல்ல பழக்கம்."

"ஆமாப்பா."

"ரோண்டா."

"என்னப்பா?"

"இருபத்து மூணு கடைசியா எப்போ விழுந்துச்சு?"

அவள் மெஷினைத் துடைப்பது போல் திரும்பிக்கொண்டாள். "ஆகஸ்ட்ல" என்றாள்.

"சரி" என்றார். பேனாவை எடுத்து, பழைய சீட்டின் பிளாஸ்டிக் உறை மேல் எதையோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று இங்கிருந்து அவளுக்குத் தெரியவில்லை.

நாலே முக்காலுக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அறுத்த வயலுக்கு மேல் வானம் ஒரு பக்கமாகச் சிவந்து கிடந்தது. அப்போது போன் அதிர்ந்தது. மேஜை மேல் தானாக நகர்ந்து காபிக் கோப்பையை இடித்தது.

"நீ எடு" என்றார் ஹார்லன்.

"நான் எடுக்க மாட்டேன்."

"ரோண்டா..."

"எடுங்கப்பா. நின்னுடும்."

எடுத்தார். இந்தத் தடவை நேராகவே வைத்துக்கொண்டார். சத்தம் பெரிதாக இருந்ததால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற ரோண்டாவுக்கும் கேட்டது. நின்றுகொண்டிருக்கும் லாரியின் இன்ஜின் உறுமல். அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

"அப்பா?"

"ம்."

"உங்க செய்தியைக் கேட்டேன்" என்றான் கர்ட். "அந்தப் பந்தை எடுத்துட்டாங்களேப்பா. இன்னிக்குக் காலைலதான் எனக்கே தெரியும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"தெரியும்."

"தெரியுமா?"

"அஞ்சு வாரமா தெரியும்."

இன்ஜின் சத்தம் நின்றது. அவன் அணைத்திருக்க வேண்டும். நெப்ராஸ்காவின் ஏதோ ஒரு சாலை ஓரத்தில், பதினோரு வருஷம் கழித்து, போனில் பிள்ளை மூச்சு விடுகிற சத்தம் ஹார்லனுக்குக் கேட்டது.

"அப்புறம் எதுக்குப்பா கூப்பிட்டீங்க?"

ஹார்லன் உள்ளங்கையால் போனை மூடினார். கவுண்டர் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் எழுந்து நிற்கிற பிள்ளையின் முகம் அந்தக் கிழவருக்கு.

"எதுக்குக் கூப்பிட்டேன்னு கேக்குறான் ரோண்டா. என்ன சொல்லட்டும்?"

"என்கிட்ட கேக்காதீங்கப்பா" என்றாள் ரோண்டா. அவள் கழுத்து சிவக்கவில்லை. "அவன்கிட்ட சொல்லுங்க."

ஹார்லன் போனிலிருந்து கையை எடுத்தார்.